காலை ஐந்து ஐம்பதுக்கு வருகிறவர்

தவசிக்குத் தினமும் ஒரு விருந்தாளி வந்துகொண்டிருந்தார். காலை ஐந்து ஐம்பதிலிருந்து ஆறு பத்துக்குள் வருவார். ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து, சில விநாடிகள் இருந்துவிட்டுப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார். ஆணா பெண்ணா தெரியாது, பெயர் தெரியாது, முகமும் தெரியாது. தவசி தன் சொந்த விருப்பத்துக்காகச் செய்து வைத்திருந்த ஒரு வெப்சைட்டின் வருகைப் பதிவில் அவர் ஒரு வரி, அவ்வளவுதான். ஆனாலும் ஒன்றேகால் வருடமாகத் தவசியின் நாள் அந்த வரியைப் பார்த்த பிறகுதான் தொடங்கியது.

தவசிக்கு வயது நாற்பத்தொன்று. வெப்சைட் செய்து பிழைக்கிறவன். காளவாசல் சிக்னலிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், மாடியில் ஒற்றை அறை எடுத்து ஏழு வருடமாகக் குடியிருந்தான். அதற்கு முன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் இருந்தான். அவன் இருந்த பிரிவையே ஒருநாள் மூடிவிட்டார்கள். மற்றவர்கள் வேறு கம்பெனிகளுக்குப் போனார்கள். இவன் மதுரைக்கு வந்தான். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல அவனிடம் சரியான காரணம் ஏதும் இருக்கவில்லை. தாய் தகப்பன் காலமாகிவிட்டார்கள். கல்யாணப் பேச்சு சில காலம் நடந்தது. பிறகு யார் நிறுத்தினார்கள் என்று தெரியாமலே நின்றுபோனது. எட்டு வயது மூத்த அக்காள் ஒருத்தி, பாண்டீஸ்வரி, டி. கல்லுப்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அங்கே அவன் போய் இரண்டு தீபாவளி ஆகியிருந்தது.

அவனுக்கு வேலை கொடுத்தவன் ஹரிராம். கல்லூரியில் கூடப் படித்தவன், காளவாசலிலேயே ஒரு மருந்துக் கடைக்கு மேலே நாலு பேரை வைத்து ஆபீஸ் நடத்துகிறவன். நகைக்கடை, மெட்ரிக் பள்ளிக்கூடம், திருமண மகால் என்று யாராவது வெப்சைட் கேட்டு வருவார்கள். ஹரிராம் பேசி முடிப்பான். தவசி தன் அறையில் உட்கார்ந்து செய்து அனுப்புவான். மகாலின் பெயரையும் படங்களையும் மாற்றினால் பள்ளிக்கூடம். அந்த வேலையில் தவசிக்கு வெறுப்பும் இல்லை, பெருமையும் இல்லை.

அவனுடைய சொந்த வேலை வேறாக இருந்தது. மதுரையிலிருந்து சுற்றுப்பட்டுக்குப் போகிற டவுன் பஸ்கள், மினி பஸ்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எந்த நேரத்தில் வரும் என்று சொல்லும் ஒரு வெப்சைட். ஐந்து வருடத்துக்கு முன்னால் சமயநல்லூரில் ஒரு மத்தியானம் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்து தொடங்கியது அது. விவரங்களை எங்கிருந்தும் எடுக்க முடியவில்லை. அதனால் நோட்டும் பேனாவுமாகப் பஸ் ஸ்டாண்டுகளில் நின்று அவனே எழுதினான். நேரங்களையெல்லாம் ஒரே ஒரு எழுத்துக் கோப்பில் வைத்திருந்தான். ஒரு வரிக்கு ஒரு வண்டி. ஊர், மணி, நிமிடம், எங்கே போகிறது. அந்தக் கோப்பைப் படித்து நூற்றுப் பதினெட்டுப் பக்கங்களைத் தானே எழுதிவிடும் சிறிய நிரல் ஒன்றும் வைத்திருந்தான். இப்போது எல்லோரும் பயன்படுத்துகிற பெரிய பெரிய கருவிகள் எதையும் அவன் அதற்குள் விடவில்லை. படம் கிடையாது, விளம்பரம் கிடையாது. ஒரு பக்கத்தின் எடை, வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படத்தின் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கரட்டு ஓரத்து ஊர்களில் சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும்போதும் அது திறக்க வேண்டும் என்பது அவன் வைத்துக்கொண்ட விதி.

தவசி பெரிய திறமைசாலி என்று சொல்ல முடியாது. அவனைவிட வேகமாகவும் அழகாகவும் செய்கிறவர்கள் ஹரிராமின் ஆபீஸிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். அவனிடம் இருந்தது பொறுமை. அதுவும் ஓரளவுக்கு, வேறு போக்கிடம் இல்லாதவனின் பொறுமை. ஒவ்வொரு திருத்தத்தையும் சேமிக்கும்போது என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று ஒரு குறிப்பு எழுதுவது அவன் வழக்கம். பலர் சேர்ந்து செய்கிற வேலையில் அடுத்தவருக்காக எழுதுகிற குறிப்பு அது. இவன் வேலையில் அடுத்தவர் யாரும் இல்லை. இருந்தும் ஐந்து வருடமாக எழுதினான். ‘அலங்காநல்லூர்: காலை வண்டி ஏழு நிமிடம் முன்னதாக வருகிறது. நேரில் பார்த்தேன்.’ இப்படி ஆயிரத்துக்கு மேல் குறிப்புகள்.

யார் பார்க்கிறார்கள் என்று முதல் மூன்றரை வருடம் அவன் கணக்கு எடுக்கவே இல்லை. பார்க்கிறவர்களை வேவு பார்ப்பது தப்பு என்று நினைத்தான். பிறகு ஹரிராமின் கேலி பொறுக்காமல், ஆளை அடையாளம் காட்டாமல் நேரத்தையும் பக்கத்தையும் போன் மாதிரியையும் மட்டும் குறிக்கிற ஒரு பதிவேட்டை எழுதிச் சேர்த்தான். ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தான். தேடுபொறிகளின் எந்திரங்கள் வந்துபோன தடங்களை நீக்கியபின் மிச்சம் சொற்பம். வழி தவறி வந்தவர்கள், வந்த வேகத்தில் போனவர்கள். ஒரே ஒருவர் மட்டும் திங்கள் முதல் சனிவரை தினமும் வந்திருந்தார். மலிவான, எல்லோரிடமும் இருக்கிற ஒரு போன். வாடிப்பட்டிப் பக்கத்தைத் திறந்திருந்தார்.

அந்த நேரத்தை அவன் உற்றுப் பார்த்தான். முதல் நாள் 5.52. அடுத்த நாள் 6.04. பிறகு 5.58. கடிகாரம் மாதிரி வந்திருந்தால் ஏதோ எந்திரம் என்று அவனும் நீக்கியிருப்பான். இது மனிதத் தாமதம். எழுந்து, முகம் கழுவி, அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு, ஈரக் கையோடு போனை எடுக்கிறவரின் தாமதம். வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆறு இருபதுக்கு ஒரு டவுன் பஸ் உண்டு. அதைப் பிடிக்கிறவர். ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட் பார்க்கிற நர்சாக இருக்கலாம். துணிக்கடையில் குடோன் திறக்கிறவராக இருக்கலாம். தவசி ஒரு முடிவுக்கும் வரவில்லை. மனசுக்குள் ‘வாடிப்பட்டிக்காரர்’ என்று பெயர் வைத்தான்.

அதற்குப் பிறகு அவன் செய்த வேலைகளெல்லாம் அவருக்காகவே. அரை இருட்டில் பார்ப்பாரே என்று எழுத்தைப் பெரிதாக்கினான். விடிகாலை வண்டிகள் மேலே வரும்படி மாற்றினான். அடுத்த வண்டிக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்பதைத் தலைப்பிலேயே போட்டான். சிக்னல் அறவே இல்லாவிட்டாலும் முந்தின நாள் பார்த்த பக்கம் திறக்கும்படி செய்ய ஒரு மாதம் பிடித்தது. மார்கழியில் மூன்று நாள் வாடிப்பட்டிக்கே போய்ப் பனியில் நின்று நேரங்களைச் சரிபார்த்துவிட்டு வந்தான். பக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பெட்டி வைத்தான்: ‘நேரம் ஏதும் தவறாக இருந்தால் எழுதுங்கள்.’ அவர் எழுதவில்லை. எல்லாம் சரியாக இருப்பதால் எழுதவில்லை என்று தவசி எடுத்துக்கொண்டான்.

ஒரு மனிதன் இப்படியும் துணை தேடிக்கொள்வானா என்றால், தேடிக்கொள்வான். எதிரே இருக்கிற மனிதர் நம்மை மறுத்துப் பேசுவார், சலித்துக்கொள்வார். காணாத மனிதர் அதைச் செய்வதில்லை. அந்த வசதியை அன்பு என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் அந்த ஒன்றேகால் வருடத்தில் தவசி செய்த வேலை, அதற்கு முன் செய்த எதைவிடவும் கவனமாக இருந்தது. அதையும் மறுப்பதற்கில்லை.

தை கடைசியில் ஹரிராம் ஒரு பேச்சை எடுத்தான். அவன் ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“மாப்ள, ஒன் பஸ் சைட்டு பேரு, அந்த வெப் அட்ரஸு இருக்குல்ல, அத ஒரு டிராவல்ஸ்காரரு கேக்குறாரு. பேர மட்டும் குடுத்தாப் போதுமாம். நல்லா பாத்துக்கிருவாரு ஒன்ன.”

“அது ஓடிக்கிட்டிருக்குடா.”

“ஓடுது. ஆளில்லாத வண்டி மாதிரி ஓடுது. எம்புட்டு பேரு பாக்குறான் இன்னைக்கு?”

“தெனமும் ஒருத்தரு வாராரு.”

ஹரிராம் டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தான். “ஒருத்தரு. அட, அந்த ஒருத்தரு நம்பர வாங்கி நீயே போன் பண்ணிச் சொல்லிரலாம்ல, அண்ணே வண்டி வந்துருச்சு, கெளம்புங்கண்ணேன்னு. எதுக்கு அதுக்கொரு சைட்டு?”

தவசி பதில் சொல்வதற்குள் ஹரிராமின் மனைவி போனில் வந்தாள். அவன் தன் வீட்டு மொழிக்கு மாறினான். சௌராஷ்டிரத்தில் அவன் குரலே வேறாக இருக்கும். கொஞ்சம் தணிந்து, கொஞ்சம் விளையாட்டாக. இத்தனை வருடப் பழக்கத்திலும் தவசிக்கு அதில் நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது. அந்த நேரங்களில் அவன் எதிரே இருக்கிற திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பேசி முடித்த ஹரிராம், “யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல” என்றான்.

“யோசிக்க ஒண்ணுமில்ல. அந்த ஒருத்தரு இருக்குற வரைக்கும் தர முடியாது” என்றான் தவசி.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வாடிப்பட்டிக்காரர் வரவில்லை.

முதல் நாள் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தான். புதன், வியாழன் கழிந்தன. பதிவேடு பழுதாகிவிட்டதோ என்று தன் போனிலிருந்து திறந்து பார்த்தான். அவன் வந்தது பதிவானது. பக்கம் திறக்கவில்லையோ என்று பழைய போன்கள் இரண்டில் சோதித்தான், இரண்டிலும் திறந்தது. தான் கடைசியாகச் செய்த திருத்தம் எதையாவது கெடுத்துவிட்டதோ என்று பயந்து, ஒரு மாதத்துத் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எடுத்துப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை. வேலை மாறியிருக்கலாம். ஊர் மாறியிருக்கலாம். அதற்கு மேலும் நினைப்பு போனது. செய்தித்தாளில் நாலுவழிச் சாலை விபத்துச் செய்திகளை வாசித்தான். யாரைத் தேடுகிறோம் என்று தெரியாமல் ஒவ்வொரு பெயராக வாசித்தான்.

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை, பொறுக்க முடியாமல் முதல் பஸ்ஸில் வாடிப்பட்டிக்குப் போனான். ஆறு மணிக்கு நிறுத்தத்தில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். டீக்கடைக்காரர் பேயாண்டி என்று ஒருவர். அவரிடம்தான் முதலில் கேட்டான்.

“அண்ணே, இங்க வழக்கமா ஆறு இருபது வண்டிக்கு வார்றவங்கள்ல யாராச்சும் ஒரு பத்து நாளா வரலையா?”

பேயாண்டி பாலை ஆற்றியபடியே அவனை மேலும் கீழும் பார்த்தார். “பேரு என்ன?”

“தெரியாது.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“அதுவும் தெரியாதுண்ணே. போன்ல பஸ் டைம் பாக்குறவரு.”

“நல்லாருக்கு கத. கடன் குடுத்தவன்கூட பேரத் தெரிஞ்சுக்கிட்டுத்தான்ப்பா தேடுவான்.” பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏ, இங்க யாருப்பா போன்ல பஸ் டைம் பாக்குறது?”

பூக்கூடையோடு நின்ற அழகம்மாள் என்கிற பெண்மணி திரும்பினாள். “அத எதுக்குப் போன்ல பாக்கணும்? டைவரு பால்பண்ணைத் திருப்பத்துல ஆரன் அடிப்பாருல்ல. அது கேட்டுத்தான் நான் வீட்டவிட்டே கெளம்புவேன்.”

“போன்ல பாத்தா வண்டி வெரசா வருமாக்கும்” என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். தவசியும் சிரித்தான். ஆறு இருபது வண்டி ஆறு இருபதுக்கே வந்தது. பன்னிரண்டு பேரும் ஏறினார்கள். யாரும் போனைப் பார்க்கவில்லை. அவனும் அதிலேயே ஏறித் திரும்பினான்.

அறைக்கு வந்து அவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது பாண்டீஸ்வரி கூப்பிட்டாள். அவளிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவாள்.

“தவசி, சாப்ட்டியா?”

“ம். சொல்லுக்கா.”

“அந்தப் பெரிய போனு வீங்கிப்போச்சுடா. நீ குடுத்தது. முதுகு பொம்முனு தூக்கிக்கிட்டு நிக்கிது. எதுத்த வீட்டுக்காரரு வெடிச்சிரும்ங்கிறாரு. நான் பயந்துக்கிட்டுக் கொல்லையில கொண்டுபோயி சட்டியக் கவுத்து வச்சிருக்கேன்.”

“சரி, தூரப் போட்ரு.”

“போட்ராவா? எப்பவும் ஆன்ல வச்சிருக்கணும், அணைக்கவே கூடாதுன்னு சொல்லித்தான குடுத்த? நாலு வருசமா கண்ணும் கருத்துமா வச்சிருந்தேன். நீ கூப்பிட்டுப் பாத்து, கெடைக்கலைன்னு மனசு சங்கடப்பட்டியோன்னுதான் சொல்றேன்.”

தவசி நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு, “எப்பக்கா வீங்குச்சு?” என்று கேட்டான்.

“போன வாரத்துல. செவ்வாக்கெழம காலையில. வாசத் தெளிச்சுட்டு வந்து பாக்குறேன், அணைஞ்சு கெடக்கு.”

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தான். கம்ப்யூட்டரில் பழைய கோப்புகள் கிடக்கும் இடத்துக்குப் போனான். தேட அதிக நேரம் பிடிக்கவில்லை. பதினொரு வரி நிரல். வாடிப்பட்டிப் பக்கம்தான் எல்லாவற்றிலும் நீளமானது. ஒரு கிராமத்து டவரில், ஒரு சாதாரண போனில் அது திறக்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளப்பதற்காக நாலு வருடத்துக்கு முன் எழுதியது. திங்கள் முதல் சனிவரை, காலையில். ஒரே விநாடியில் அளந்தால் அளவு ஒருபக்கமாகச் சாயும் என்று நேரத்தை இருபது நிமிடத்துக்குள் முன்னும் பின்னும் ஆடவிட்டிருந்தான். சர்வர் முன்பின் தெரியாத நிரல்களைத் துரத்திவிடும் என்பதால், எல்லோரிடமும் இருக்கிற ஒரு மலிவான போனின் பெயரைச் சொல்லிக்கொண்டு போகும்படி எழுதியிருந்தான். தான் புதுப் போன் வாங்கியபோது பழையதில் இதை ஏற்றி, அக்காளிடம் கொடுத்து, அணைக்காதே என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அளவுகளை எடுத்துப் பார்க்கவே இல்லை. நிரலின் தலையில் வழக்கம்போல் ஒரு குறிப்பு இருந்தது: ‘ஒரு மாதத்துக்கு மட்டும். பிறகு நீக்க வேண்டும்.’

அந்த ஆட்டத்தை வைத்துத்தான் அவர் மனிதர் என்று முடிவு செய்திருந்தான். ஈரக் கை, அடுப்பு, முகம் கழுவுதல் எல்லாம் இவன் எழுதிய ஒரு வரி. அவன் வெட்கப்பட்டான் என்று சொல்லலாம். ஆனால் வெட்கப்படுவதற்கும் பார்க்க ஒருவர் வேண்டும். அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவன் ஹரிராமைக் கூப்பிட்டான்.

“அந்தப் பேரக் குடுத்துருறேன்டா. திங்கக்கெழம மாத்தித் தாரேன்.”

“என்ன மாப்ள, ஒன் ஆளு என்ன ஆனாரு?”

“அவரு இல்ல” என்றான் தவசி.

“ஐயையோ, எப்படா?” என்றான் ஹரிராம். செத்துப்போனதாக நினைத்துக்கொண்டான். தவசி அதைத் திருத்தவில்லை.

மறுநாள் பழங்காநத்தத்தில் ராஜபாளையம் பஸ் ஏறி டி. கல்லுப்பட்டியில் இறங்கினான். அங்கிருந்து ஊருக்கு ஒரு ஷேர் ஆட்டோ கிடைத்தது. பாண்டீஸ்வரி வீட்டில் தனியாக இருந்தாள். அவள் புருஷன் அழகுபாண்டி லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் இருபது நாள் வடக்கே இருப்பார். மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது.

“மெலிஞ்சு போயிட்ட” என்றாள். “மொதல்ல அந்தச் சனியன எடு. ரெண்டு வாரமா கொல்லப்பக்கம் போகவே பயமா இருக்கு.”

கொல்லையில் துவைகல் பக்கத்தில் அலுமினியச் சட்டி கவிழ்ந்திருந்தது. அதன்மேல் ஒரு செங்கல். சட்டியைத் தூக்கினான். போனின் முதுகு பிளந்து பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. காய்ந்த மணலை அள்ளி ஒரு பழைய தகர டப்பாவில் போட்டு, போனை நடுவில் வைத்து மேலும் மணலால் மூடினான். அக்காள் நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்று பார்த்தாள்.

“காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா சார்ஜ் போடுவேன். கரண்டு இல்லேன்னா பால் சொசைட்டிக்குக் கொண்டுபோயிப் போட்டுட்டு வருவேன். மாசாமாசம் ரீசார்ஜும் பண்ணிருவேன், மக புருசன்கிட்டச் சொல்லி. ஒரு நாளு அணைய விடலடா” என்றாள். “நீதான் ஒரு தடவகூட அதுல கூப்பிடல.”

“அது கூப்பிடுறதுக்கு இல்லக்கா.”

“பெறகு?”

அவன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத் துவைகல்லில் உட்கார்ந்தான். பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ தோன்றவில்லை. “நான் ஒரு பேஜு வச்சிருக்கேன், பஸ் நேரம் போடுற பேஜு. அது ஒழுங்காத் தெறக்குதான்னு தெனமும் அந்தப் போனு தானாப் பாக்கும். அதுக்குத்தான் ஆன்ல வைக்கச் சொன்னேன். சொன்னதையே மறந்துட்டேன்.”

பாண்டீஸ்வரி நிலைப்படியைத் தாண்டி வந்து சட்டியைக் கையில் எடுத்தாள். “போனு ஒன் பேஜப் பாத்துச்சு. நான் போனப் பாத்தேன்.”

“ஆமா.”

“நான் என்னமோன்னு...” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். முந்தானையால் சட்டியைத் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. “சரி வா, சோறு ஆறுது.”

சாப்பாட்டின்போது மகளைப் பற்றியும் புருஷனின் முட்டி வலியைப் பற்றியும் பேசினாள். தவசி கேட்டுக்கொண்டான். மூன்றரை ஆனபோது எழுந்து கை கழுவி, “மூணு நாப்பது மினி பஸ்ஸப் பிடிச்சாத்தான் சரியா இருக்கும். வாரேன்க்கா” என்றான். இரு என்றும் அவள் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு மாதிரி பார்த்தாள்.

நிறுத்தத்தில் புளியமரத்து நிழல் ரோட்டின் பாதிக்கு நீண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. மூன்று நாற்பது ஆனது. தவசி பழக்கத்தில் போனை எடுத்து இந்த ஊர்ப் பக்கத்தைத் திறந்தான். ஒரு கோடு சிக்னலில் சட்டென்று திறந்தது. ‘அடுத்த வண்டி: இப்போது’ என்று பெரிய எழுத்தில் காட்டியது. நாலு மணிக்கு ஒரு டிராக்டர் போனது. நாலு பத்துக்கு இரண்டு வெள்ளாடுகள் வந்து மரத்தடியில் உதிர்ந்த புளியம்பழத்தைத் தின்றன. பக்கம் இப்போது அடுத்த வண்டி மாலை ஆறரைக்கு என்று காட்டியது. மூன்று நாற்பது வண்டி வந்துபோய்விட்டது என்று தன் எழுத்தே தனக்குச் சொல்வதைப் பார்த்தபடி அவன் நின்றான். அவன் இங்கே நின்று நேரம் எழுதியது எப்போது? கடைசிக் காலத்தில் அக்காளோடு இருந்த அப்பாவின் காரியத்துக்கு வந்தபோது. மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. வாடிப்பட்டிக்கு மார்கழிப் பனியில் மூன்று நாள் போய் நின்றவன், கூடப் பிறந்தவள் இருக்கிற ஊரை ஒரு தடவையும் சரிபார்க்கவில்லை.

நாலேகாலுக்குத் திரும்பி நடந்தான். பாண்டீஸ்வரி வாசலில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்து வியப்படையவில்லை.

“அந்த வண்டி நிறுத்தி ஒரு வருசமாச்சு” என்றாள்.

“தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லல?”

“ஒனக்குத் தெரியாதாக்கும்னு இருந்துட்டேன். பஸ்ஸுக்கெல்லாம் பேஜு வச்சிருக்கேங்கிற. பெரிய ஆபீசரு மாதிரி மூணு நாப்பதுன்னு கணக்காச் சொல்ற. ஒருவேள இன்னைலருந்து திரும்ப விட்டுருக்கானோ என்னமோன்னு நெனச்சேன்.” சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். “முக்கா மணி நேரமா நின்ன?”

“முக்கா மணி நேரம்.”

“ஒரு ஆள் தொணைகூட இல்லாம.”

அவன் படியில் உட்கார்ந்து பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தான். எழுத்துக் கோப்பைத் திறந்து இந்த ஊரைத் தேடினான். ஐந்து வரிகள் இருந்தன. மூன்று நாற்பதை அழித்தான். ஒரு கணம் அதோடு மூடிவிடலாம் என்று நினைத்தான். திங்கட்கிழமை பெயரையே கொடுத்துவிடப் போகிறவனுக்கு இது தேவையில்லாத வேலை. பிறகு மற்ற நாலு வரியைப் பார்த்தான்.

“காலையில ஏழேகால் வண்டி இருக்காக்கா?”

“இருக்கு. ஆனா ஏழே பத்துக்கே வந்துருவான். அஞ்சு நிமிசம் முந்திப் போயி நிக்கணும்.”

மாற்றினான். “பதினொண்ணு?”

“அது இல்ல. பன்னெண்டுக்கு ஒண்ணு விட்டுருக்கான், புதுசா.”

எழுதினான். அவள் எட்டிப் பார்த்தாள். கறுப்புத் திரையில் வரி வரியாக எழுத்து மட்டும் இருந்தது. “இதத்தான் அந்தப் போனு தெனமும் பாத்துச்சா? இத வேற யாருடா பாக்குறா?”

“யாரும் இல்லக்கா.” இதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. சொன்ன பிறகு எதுவும் இடிந்து விழவில்லை. “ஒருத்தரும் பாக்கல.”

“பாக்காட்டி என்ன, நேத்து ஒருத்தன் இங்க வந்திருந்தா அவனும் முக்கா மணி நேரம்ல நின்னுருப்பான்” என்றாள் அவள், உளுந்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தபடி. ஆறுதலாகச் சொல்லவில்லை. மடத்தனத்தைச் சுட்டிக்காட்டுகிற குரலில்தான் சொன்னாள்.

தவசி போனை எடுத்து ஹரிராமுக்கு ஒரு வரி அனுப்பினான். பேர் தரவில்லை, அவரிடம் சொல்லிவிடு. பதிலுக்குக் கேள்விக்குறிகள் நாலைந்து வந்தன. அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

“சாயங்காலம்?” என்று கேட்டான்.

“அஞ்சேகாலுக்கு ஒரு மினி பஸ்ஸு. அதுல போயிரு நீ. ஆனா முகூர்த்த நாளுன்னா அது வராது, கல்யாணத்துக்குப் பேசிக் கூட்டிட்டுப் போயிருவாங்க.”

கோப்பில் ஊர் இருந்தது, மணி இருந்தது, நிமிடம் இருந்தது, போகுமிடம் இருந்தது. முகூர்த்த நாளுக்கு இடம் இல்லை. அதற்கு ஒரு இடம் உண்டாக்க வேண்டுமானால் நூற்றுப் பதினெட்டு ஊருக்கும் கேட்க வேண்டியிருக்கும்.

“இன்னைக்கு முகூர்த்தமாக்கா?”

“உள்ள காலண்டர் தொங்குது. போயிப் பாரு” என்றாள்.